இரண்டு பூட்டுப் பெட்டி

ஜனவரி 8

மார்ச் பன்னிரண்டாம் தேதி தரமதிப்பீட்டுக் குழு வருகிறது என்று பதிவாளர் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. மாணவர் ஆலோசனை மையம் மூன்று வருடப் பதிவேடுகளையும் புகைப்படங்களையும் தயாராக வைத்திருக்க வேண்டுமாம். மையம் என்றால் நான்தான். ஒன்பதாயிரம் மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர், ஒரு மேஜை, நான்கு நாற்காலி, கூட்டிப் பெருக்கவும் கோப்பு தூக்கவும் ஆவுடையம்மாள்.

காலை முழுவதும் பழைய புகைப்படங்களைத் தேடினேன். தேர்வு பயம் பற்றிய கருத்தரங்கில் எடுத்தவை கிடைத்தன. எல்லாவற்றிலும் மாணவர்களின் முதுகுதான் தெரிகிறது.

மதியம் ஒரு பெண் வந்து வாசலில் நின்றாள். முதுகலை இரண்டாம் ஆண்டு என்றாள். சுவர்ப் பலகைக்கு அளவெடுக்க ஆட்கள் உள்ளே நின்றுகொண்டிருந்தார்கள். சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன்.

வரும் வழியில் கரும்புக் கட்டு விலை கேட்டேன். வாங்கவில்லை.

ஜனவரி 9

பலகையில் ஆலோசனை என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போய்விட்டது. திருப்பி அனுப்பினேன்.

ஜனவரி 20

பொங்கல் விடுமுறை முடிந்து இன்றுதான் திறந்தோம். அறையில் எலிப் புழுக்கை. ஆவுடையம்மாள் மாடிப்படிக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் துடைத்துவிட்டு, உள்ளே காகிதம் சரசரக்கிறது என்றாள்.

அந்தப் பெட்டியைப் பற்றி இங்கே எழுதி வைக்கிறேன். குழு கேட்டால் கோர்வையாகச் சொல்ல உதவும். பேசத் தயங்கும் மாணவர்கள் தங்கள் கஷ்டத்தை எழுதிப் போடுவதற்காக வைத்தது. முதலில் ஒரே பூட்டுதான் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன்னால் ஓர் ஆராய்ச்சி மாணவி தன் வழிகாட்டியைப் பற்றி எழுதிப் போட்டாள். அந்தக் கடிதம் சாயங்காலத்துக்குள் அந்த வழிகாட்டியின் கையிலேயே இருந்தது. யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பெண் ஆராய்ச்சியை விட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நான்தான் யோசனை சொன்னேன்: தேர்வுத் துறையில் வினாத்தாள் அலமாரிக்கு இருப்பதுபோல இரண்டு பூட்டு போடலாம். ஒரு சாவி என்னிடம், மற்றொன்று மாணவர் நல டீனிடம். வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும். தனியாக யார் திறந்தாலும் குற்றம். துணைவேந்தர் அதைப் பாராட்டிச் சுற்றறிக்கையே விட்டார். அதன் நகல் என்னிடம் இருக்கிறது.

டீன் தனுஷ்கோடி சார் டிசம்பர் 31 அன்று ஓய்வுபெற்றார். புதிய டீன் இன்னும் நியமிக்கப்படவில்லை. அதனால் இந்த வருடம் பெட்டி திறக்கப்படவில்லை. இரண்டாவது சாவி முறைப்படி முத்திரையிட்ட கவரில் பாதுகாப்பாக இருக்கிறது.

ஜனவரி 24

டீன் நியமனம் குறித்துப் பதிவாளர் அலுவலகத்துக்கு நினைவூட்டல் கடிதம் கொடுத்தேன். கண்காணிப்பாளர் சங்கரலிங்கம் வாங்கிப் பார்த்துவிட்டு, போன கடிதம் எந்த மேஜையில் இருக்கிறதோ அங்கேயே இதையும் அனுப்புகிறேன், ஒன்றுக்கொன்று பேச்சுத் துணையாக இருக்கட்டும் என்றார். நானும் சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம்.

பெட்டிப் பக்கம் ஒரு பெண் வந்து நின்றுவிட்டுப் போனதாக ஆவுடையம்மாள் சொன்னாள்.

ஜனவரி 27

குழாயில் தண்ணீர் வரும் நாள். நான்கரைக்கு எழுந்து பிடித்தேன். இடுப்பு வலி. அலுவலகத்தில் பழைய பதிவேட்டின் அட்டைகளை மாற்றினோம். உள்ளே பல பக்கங்களில் நடவடிக்கை என்ற கட்டத்தில் என் கையெழுத்தில் ஒரே வரி இருக்கிறது: ஆறுதல் கூறப்பட்டது.

பிப்ரவரி 4

அந்தப் பெண்ணை இன்று மறுபடி பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே நின்றாள். மெலிந்த உடம்பு, பாட்டில் பச்சையில் சுடிதார், தோளில் துணிப்பை. நான் தொலைபேசியில் இருந்தேன். பதிவாளர் அலுவலகத்தில், மையத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், வைக்க முடியவில்லை. பொறு என்று கையைக் காட்டினேன். வைத்துவிட்டு வெளியே வந்தபோது ஆள் இல்லை.

பேரைக் கேட்டு வைத்திருக்கலாம். ஆனால் பேரைக் கேட்பதில்லை என்பதுதான் எங்கள் நெறி. அப்படித்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

பிப்ரவரி 7

இன்றும் வெள்ளிக்கிழமை. பெட்டியை அசைத்துப் பார்த்தேன். சத்தம் கூடியிருக்கிறது.

ராத்திரி சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். பால் சங்கத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த மனிதர், எதையும் எளிதாக்கிவிடுவார்.

"இன்னொரு சாவி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

பத்திரமாக இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு மோரை ஊற்றிக்கொண்டார். அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னுடைய ஒப்பந்தம் மார்ச் 31-ல் முடிகிறது. ஒவ்வொரு வருடமும் அன்றோடு முடியும். ஏப்ரல் ஒன்றாம் தேதி நான் யாருமில்லை. இரண்டாம் தேதி புதிய ஆணை வரும். பதினோரு ஏப்ரல் ஒன்றாம் தேதிகளை வீட்டில் இருந்து கழித்திருக்கிறேன். அன்று பரண் ஒழிப்பது வழக்கம். இந்த வருடம் புதுப்பிக்கும்போது கறாராகப் பார்ப்பார்கள் என்று பேச்சு. விதியை மீறினார் என்று ஒரு வரி போதும்.

பிப்ரவரி 15

வருகைப் பதிவு குறைந்தவர்களின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். அறுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே இருப்பவர்கள் தேர்வு எழுத முடியாது. நாற்பத்து மூன்று பேர். உடல்நலம், மனநலம் காரணம் காட்டி விலக்கு கேட்க நேற்று கடைசி நாள். மனநலம் என்றால் எங்கள் மையத்தின் கடிதம் வேண்டும். இந்த வருடம் என்னிடம் ஒருவரும் கடிதம் கேட்கவில்லை.

பட்டியலின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். பேர்களை வாசித்தேன். எந்தப் பேருக்கும் எனக்கு முகம் தெரியவில்லை.

பிப்ரவரி 16

ஞாயிறு. தோசைக்கு அரைத்தேன். துணி காயவில்லை.

ஜனவரி எட்டாம் தேதிக் குறிப்பை எடுத்துப் படித்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்பினேன் என்று எழுதியிருக்கிறேன். என்ன சொன்னேன் என்று எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அந்தப் பெண், மேடம் எனக்குப் பேசணும், அட்டெண்டன்ஸ் விஷயம் என்று ஆரம்பித்தாள். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். நான் சொன்னது இது: "பேர் போட வேண்டாம்மா. எல்லாத்தையும் எழுதி அந்தப் பெட்டியில போட்டுரு. படிச்சுட்டு நானே கூப்பிடுதேன்."

பேர் இல்லாத கடிதத்தைப் படித்துவிட்டு யாரை எப்படிக் கூப்பிடுவேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. அப்போது டீன் போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

பிப்ரவரி 26

இன்று ஒருவர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், மடித்துக் கட்டிய வேட்டியை வாசலில் நின்று இறக்கிவிட்டுக்கொண்டார். கையில் விடுதியிலிருந்து எடுத்துவந்த தகரப் பெட்டியும் சுருட்டிய பாயும். மகளுடைய மாற்றுச் சான்றிதழுக்கு எந்த அறைக்குப் போக வேண்டும் என்று ஆவுடையம்மாளிடம் விசாரித்தார். அதோடு போயிருக்கலாம். கதவுமேல் இருந்த பழைய போர்டைப் பார்த்துவிட்டு நின்றார்.

"அம்மா, பொம்பளப் புள்ளைகளுக்குன்னு ஒரு மேடம் உண்டுன்னு எம்மவ சொல்லுவா. நீங்கதானா அது?"

நான்தான் என்றேன்.

"கூப்பிடுவாவ, கூப்பிடுவாவன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. நானும் ஏதோ பரீட்சை சம்பந்தமா இருக்கும்னு நெனச்சேன். பொறவு பேரு போர்டுல ஒட்டிட்டாவன்னு வந்து படுத்துட்டா."

மகள் பேர் என்ன என்று கேட்டேன்.

"முப்பிடாதி. எங்க ஊரு அம்மன் பேரு. கணக்குப் படிச்சா."

படித்தாள் என்று சொன்னார். நான் சான்றிதழை இன்றைக்கு வாங்க வேண்டாம், இரண்டு வாரம் பொறுங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார். எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பிரிவின் எழுத்தர் விடுப்பில் இருக்கிறார் என்று சொன்னேன். பொய். அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அப்போ சரிம்மா என்று போனார். பாய் விழுந்தது. ஆவுடையம்மாள் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தாள்.

திரும்பி வந்து என்னிடம் சொன்னாள்: "அந்தப் புள்ளதான் மேடம். வெள்ளிக்கெழம தவறாம வந்து நிக்கும். நீங்க கதவச் சாத்திட்டு பைல் பாத்துக்கிட்டு இருந்திய, நான் எதுக்குச் சொல்லணும்னு இருந்துட்டேன்."

மார்ச் 6

நாடா, கோப்பு அட்டை, குண்டூசி வாங்கினேன். பலகை திரும்பி வந்துவிட்டது. இப்போது சரியாக இருக்கிறது.

மார்ச் 11

நாளைக்குக் குழு. இரண்டரை மாதமாக நடக்காதது ஒரு மணி நேரத்தில் நடந்தது. இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவரைப் பொறுப்பு டீனாக நியமித்து ஆணை வந்தது. அவர் நேராக மையத்துக்கு வந்து, பெட்டிச் சாவி எங்கே என்றார். என் பீரோவின் மேல் தட்டிலிருந்து, பின் டப்பாவுக்குக் கீழே இருந்த கவரை எடுத்துக் கொடுத்தேன். டிசம்பர் 31 அன்று தனுஷ்கோடி சார் தன் கையெழுத்தை ஒட்டின் குறுக்கே போட்டு, அடுத்து வருபவரிடம் கொடுங்கள் என்று என்னிடம் தந்த கவர்.

அவர் அதை ஆள்காட்டி விரலால் கிழித்தார். பஸ் டிக்கெட்டைக் கிழிப்பது போன்ற சத்தம்.

பெட்டியை இன்று திறக்க வேண்டாம், நாளை குழுவின் முன்னால் திறந்தால் நன்றாக இருக்கும் என்று பதிவாளர் சொல்லியிருக்கிறாராம்.

மார்ச் 12

காலை பதினொன்றரைக்கு வந்தார்கள். ஐந்து பேர், வெளி மாநிலத்துப் பேராசிரியர்கள். தமிழ் தெரிந்தவர் ஒரே ஒருவர். தலைவர் வெள்ளைத் தாடிக்காரர், களைத்த முகம். பெட்டியை மேஜைமேல் வைத்து, பொறுப்பு டீன் ஒரு பூட்டையும் நான் ஒரு பூட்டையும் திறந்தோம். புகைப்படம் எடுத்தார்கள். இரண்டு பூட்டு முறையைத் தலைவர் மிகவும் பாராட்டினார். வேறெங்கும் பார்த்ததில்லை என்றார்.

ஏழு தாள்கள் இருந்தன. ஒன்றை வாசித்துக் காட்டச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததை எடுத்தேன். கோடு போட்ட தாள், நீல மை, சாயாத எழுத்து. முதல் வரி: மேடம், நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன்.

அறையில் பதினான்கு பேர் நின்றார்கள். முப்பிடாதியின் துறைத் தலைவரும் நின்றார்.

நான் தாளைப் பார்த்தபடி வாசித்தேன்: பெண்கள் விடுதி இரண்டாம் மாடியில் ஒரு மாதமாகத் தண்ணீர் வரவில்லை, தயவுசெய்து நடவடிக்கை எடுக்கவும். தமிழ் தெரிந்தவர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். பதிவாளர் அங்கேயே பொறியாளரைத் தொலைபேசியில் கூப்பிட்டார். தலைவர் தலையாட்டினார். அதற்கும் ஒரு படம்.

தாள்களை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை.

மார்ச் 13

விடுதிக்குப் பிளம்பர் போனாராம். இரண்டாம் மாடியில் உண்மையிலேயே தண்ணீர் வரவில்லையாம். வால்வு மாற்றியிருக்கிறார்கள். எழுதப்படாத கடிதத்துக்கு ஒரே நாளில் நடவடிக்கை. பதிவேட்டில் ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன்.

ஏழில் இரண்டு மற்றவர்களுடையவை. ஐந்து அவளுடையவை. சமையலறையில் உட்கார்ந்து படித்தேன். முதலாவதிலிருந்து கொஞ்சம் இங்கே:

"செப்டம்பரில் புதிதாக வந்த சார் பெயர் கூப்பிடும்போது என் பெயரில் நிறுத்தி, இது என்ன பேரு, இன்னொரு தடவை சொல்லு என்றார். சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, கணக்கு நன்றாக நடத்துவார். ஆனால் அதிலிருந்து என் பெயரைக் கூப்பிட்டால் எனக்குக் குரல் வருவதில்லை. கையைத் தூக்கினால் வாயால் சொல் என்கிறார். பக்கத்துப் பெண் எனக்காகச் சொன்னாள், அவளையும் எழுப்பி நிறுத்திவிட்டார். அதனால் ஆப்சென்ட் போடுகிறார்கள். இப்போது மற்ற இரண்டு சார்களும் போடுகிறார்கள். நான் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை மேடம். உள்ளேதான் உட்கார்ந்திருக்கிறேன். மற்ற நேரம் நன்றாகப் பேசுவேன்."

இரண்டாவது, பிப்ரவரி 14-க்குள் மையத்தின் கடிதம் வேண்டுமாம் என்பது. மூன்றாவது: "இன்று கை காட்டினீர்கள். கூப்பிடுவேன் என்று சொன்னதாக எடுத்துக்கொண்டேன்." நான்காவது ஒரே வரி: "நாளைக்குக் கடைசி நாள்."

ஐந்தாவதில் தேதி இல்லை.

"பெட்டியைத் திறப்பதில்லை என்று நினைக்கிறேன். தாளைப் போடும்போது, முன்னால் போட்ட தாளின் மேல் விழும் சத்தம் கேட்கிறது. உங்களுக்கு வேலை அதிகம் இருக்கும். பரவாயில்லை மேடம்."

குழம்பு அடிப்பிடித்துவிட்டது. இவர் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்.

மார்ச் 17

தற்செயல் விடுப்பு போட்டேன். விடுதி ஏட்டில் முகவரி பார்த்து முப்பிடாதியின் ஊருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, இறங்கி அரை மணி நேரம் நடை. ஓட்டு வீடு. முப்பிடாதியும் அவள் அம்மாவும் முன்னறையில் மடியில் மூங்கில் முறம், அவர்கள் சொல்லில் சொளவு, வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். இலைத் துண்டுகள் கொட்டின.

என்ன சொல்வது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்திருந்தேன். வரவில்லை. பெட்டியைத் திறந்துவிட்டோம் என்று மட்டும் சொன்னேன்.

"எல்லாத்தையும் படிச்சியளா?"

படித்தேன் என்றேன்.

அவள் அம்மா எனக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரப் போனார். மாப்பிள்ளை வீட்டார் சித்திரையில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள், பரீட்சை எழுதுகிற பிள்ளை என்று சொல்லி இவ்வளவு நாள் தள்ளி வைத்தோம், இனி என்ன சொல்லித் தள்ளுவது என்று போகும்போதே சொல்லிவிட்டுப் போனார். அவரிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

வருகைப் பதிவுக்கு ஒரு சிறப்புக் குழு உண்டு, நிறுவனத்தின் பக்கம் தவறு இருந்தால் கெடு தாண்டியும் மனுவைக் கேட்பார்கள் என்று முப்பிடாதியிடம் சொன்னேன்.

"என்ன தப்புன்னு எழுதணும் மேடம்?"

"அதை நான் எழுதணும். நீ கையெழுத்துப் போட்டாப் போதும்."

கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு மனுவில் கையெழுத்திட்டாள். சுற்றிய பீடிகளின் வாசனை தாளில் ஏறியிருந்தது. சாவி எங்கே இருந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்வதற்காகத்தான் போனேன்.

மார்ச் 20

கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம்தான். மாணவி ஜனவரி 8 அன்று என்னை நேரில் அணுகினார். பெட்டியில் எழுதிப் போடும்படி நான் சொன்னேன். அன்று டீன் பதவி காலியாக இருந்தது, பெட்டியைத் திறக்க வழியில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவது சாவி டிசம்பர் 31 முதல் மார்ச் 11 வரை முத்திரையிட்ட கவரில் என் பீரோவில் இருந்தது. முத்திரையை உடைத்தால் என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாது என்று பயந்து நான் அதை உடைக்கவில்லை. மாணவி என்னை அணுகி அறுபத்து மூன்று நாள் கழித்துத்தான் ஐந்து கடிதங்களும் எடுக்கப்பட்டன.

கடிதங்களின் நகலை இணைக்கவில்லை. யாருக்கும் காட்டமாட்டோம் என்று சொல்லித்தான் எழுதச் சொன்னோம்.

சங்கரலிங்கம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"மேடம், உள்ளதை உள்ளபடி எழுதணும்னா யூனிவர்சிட்டி நடத்த முடியுமா? மாணவி அணுகவில்லைன்னு எழுதுங்க. இல்ல, டீன் பதவி காலியா இருந்ததுன்னு அதோட நிறுத்துங்க. அந்த சாவி வரிய மட்டும் எடுத்துருங்க. உங்க ரினியூவல் பைல் எங்கிட்டத்தான் கெடக்கு, உங்களுக்காகத்தான் சொல்லுதேன்."

எனக்காகத்தான் சொன்னார். அதில் சந்தேகமில்லை. அந்த வரியை எடுத்தால் அது யார் தவறும் இல்லை என்றாகிவிடும், யார் தவறும் இல்லையென்றால் குழு கேட்காது என்றேன். அவர் வெகுநேரம் தாளைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு வரவு முத்திரையைக் குத்தினார், ஓரத்தில் லேசாக, மை பட்டும் படாத மாதிரி.

மார்ச் 31

பொறுப்பு ஒப்படைத்தேன். நாற்காலி நான்கு, மேஜை ஒன்று, பதிவேடு ஆறு, பலகை ஒன்று, பெட்டி ஒன்று, சாவி இரண்டு. பொறுப்பு டீனின் நியமனமும் இன்றோடு முடிகிறது. சாவிகளைப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டிவிடலாமா என்று கேட்டேன். அவர் நான் வேடிக்கையாகப் பேசுவதாக நினைத்தார். இரண்டையும் ஒரு கவரில் போட்டு, ஒட்டி, குறுக்கே கையெழுத்திட்டு, ஆவுடையம்மாளிடம் கொடுத்து பீரோவில் வைக்கச் சொன்னார்.

அடையாள அட்டையையும் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 1

பரண் ஒழித்தேன்.

ஏப்ரல் 2

ஆணை வரவில்லை.

ஏப்ரல் 4

ஆவுடையம்மாள் தொலைபேசினாள். என் அறையில் உடைந்த பெஞ்சுகளை அடுக்குகிறார்களாம். முப்பிடாதியின் மனு ஒன்பதாம் தேதி விசாரணைக்கு வருகிறது என்ற தகவலையும் அவள்தான் சொன்னாள். சங்கரலிங்கம் சொல்லச் சொன்னாராம்.

ஏப்ரல் 9

வாசலில் காவலாளி என்னைத் தெரியாதவர்போல் பார்த்தார். புது ஆள். பார்வையாளர் ஏட்டில் எழுதச் சொன்னார். யாரைப் பார்க்க என்ற கட்டத்தில் முப்பிடாதி, கணிதத் துறை என்று எழுதினேன்.

நிர்வாகக் கட்டடம் முதல் மாடி, வராந்தாவில் பெஞ்ச். அவளும் அப்பாவும் ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள். அதே பாட்டில் பச்சைச் சுடிதார். அப்பா புதுச் சட்டை போட்டிருந்தார், மடிப்பு கலையாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிரே சுவரில் பல்லி.

பத்து ஐம்பதுக்கு எழுத்தர் கதவைப் பாதி திறந்து, தாளைப் பார்த்து, "முப்பிடாதி" என்றார்.

எழுந்து நின்றாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "முப்பிடாதி. மேத்ஸ்."

அவள் அப்பா என்னைப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று கேட்பதுபோல. வேண்டாம் என்று தலையை அசைத்தேன். அவளாகவே சொல்லட்டும் என்று நினைத்தேன். நான் படித்த படிப்பு அப்படித்தான் நினைக்கச் சொல்லும்.

"வரலியா?" எழுத்தர் பேனாவைத் திறந்தார்.

அந்தப் பேனா தாளில் படப்போவதைப் பார்த்ததும் படிப்பெல்லாம் போய்விட்டது. "வந்திருக்கா. இங்கதான் நிக்கா" என்றேன். வராந்தாவின் கடைசிவரை கேட்டிருக்கும்.

அவர் தலையைத் தூக்கினார். "நீங்க யாரு?"

கை தானாகக் கழுத்துக்குப் போனது. அங்கே அட்டை இல்லை. நான் யார் என்று சொல்வதற்கு எத்தனையோ சொற்கள் இருந்திருக்க வேண்டும், பதினோரு வருடமாக எல்லாக் கடிதத்தின் அடியிலும் எழுதிய சொற்கள். ஒன்றும் வரவில்லை. வாய் திறந்தபடி நின்றேன்.

"எங்க மேடம்" என்றது பக்கத்தில் ஒரு குரல்.

பெரிய குரல் இல்லை. கொஞ்சம் கரகரப்பு. எழுத்தர் அவளைப் பார்த்தார்.

"அப்ப நீதான் முப்பிடாதியா?"

"ஆமா சார்."

தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு உள்ளே வரச் சொன்னார். எனக்கு அனுமதி இல்லை.

இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. முடிவை வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள், எழுத்தில் பிறகு வரும். மையத்தின் தவறு ஏற்கப்பட்டது. ஆனால் வருகையை இப்போது திருத்த முடியாது, பதிவேட்டில் மூன்று ஆசிரியர்களின் கையெழுத்து இருக்கிறது. இந்தத் தேர்வு இல்லை. வரும் ஜனவரியில் அந்த ஒரு பருவத்தை மட்டும் மறுபடி படிக்கலாம்.

அவள் அப்பா அதை என்னிடம் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். ஜனவரிக்கு எத்தனை மாதம் என்று விரலில் மடக்கினார். ஒன்பது என்றேன். அதற்குள் சித்திரை வந்துவிடுமே என்று நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை.

"பாப்போம்மா" என்றார்.

பஸ் நிறுத்தத்தில் முப்பிடாதி தன் கடிதங்களைத் திருப்பிக் கேட்டாள். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வெயிலில் நின்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து மடித்தாள். நான்குதான் இருந்தன. பரவாயில்லை மேடம் என்று முடியும் ஐந்தாவதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தேன், வேண்டுமென்றேதான்.

என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.